கேட்டக்காவின் விலாசப் பாடம்

எங்கள் பிள்ளைக் காப்பகத்தின் இரும்புக் கேட்டைப் பதினோரு வருஷமாகத் திறந்து மூடுகிறவளை எல்லோரும் கேட்டக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முறையான பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்கு நிற்பாள். வயது நாற்பத்து நாலு. இடது முழங்கால் சரியில்லை. இங்கே வருவதற்கு முன் ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தவள். அதனால் எந்தத் துணி கையில் கிடைத்தாலும் நாலாக மடித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள்.

காப்பகத்தில் மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை முப்பத்திரண்டு பிள்ளைகள். கூட்டிப் போக யார் யார் வரலாம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டியல் கதவுக்குப் பின்னால் தொங்கும். அதில் பேர் இல்லாதவர் கையில் பிள்ளை போகாது. ஒரு முறை நிர்வாகியின் மைத்துனரையே இருபது நிமிஷம் வெயிலில் நிறுத்தி வைத்தாள்.

"நிர்வாகியோட மச்சான்னு சொல்றாரும்மா, உள்ள விடு" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"மச்சானாவே இருக்கட்டும் சிஸ்டர். லிஸ்ட்ல இல்லையே."

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. ஆறு வயதில் அவள் ஒரு பஸ் நிலையத்தில் தொலைந்துபோனாள். தவறான பஸ்ஸில் ஏறி வேறு ஊரில் இறங்கிவிட்டாள். அப்பா பேர் என்ன என்று கேட்டார்கள். அப்பா என்றாள். வீடு எங்கே என்று கேட்டார்கள். பச்சைக் கதவு என்றாள். இரண்டு நாள் ஒரு பெண் போலீஸ்காரரின் பெஞ்சில் படுத்திருந்தாள். இதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை. செருப்பு வாங்கின கதையைச் சொல்வதுபோல் சொல்வாள். "எத்தனை பச்சைக் கதவு இருக்கு தெரியுமான்னு அந்தம்மா கேட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்."

ஆகவே இங்கே சேர்ந்த இரண்டாம் மாதமே அவளாக ஒரு பாடத்தை ஆரம்பித்தாள். மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஷூ மாட்டுவார்கள். அந்தக் கால் மணி நேரம் அவளுடையது. கை தட்டிக்கொண்டே சொல்ல வேண்டும். பேர், அம்மா பேர், கதவு எண், தெரு, பக்கத்தில் என்ன கடை, கடைசியில் போன் நம்பர். நம்பரை இரண்டிரண்டாகப் பிரித்து ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தட்டு. நாலு வயதுப் பிள்ளைகூடத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும்.

"யார் கேட்டாலும் பயப்படக் கூடாது. மென்னு முழுங்கக் கூடாது. சத்தமாச் சொல்லணும்" என்பாள்.

அதற்குப் பயிற்சியும் உண்டு. தண்ணீர் கேன் போடுகிறவர், கரண்ட் வேலைக்கு வருகிறவர், தபால்காரர், யார் வந்தாலும் பிடித்து நிறுத்தி, "இந்தப் பிள்ளைகிட்ட விலாசம் கேளுங்க" என்பாள். சரியாகச் சொன்ன பிள்ளையின் சட்டையில் ஒரு பெரிய கலர் பட்டன் குத்துவாள். பெற்றோருக்கு ஒரே பெருமை. எனக்கும்தான். குழந்தைகள் வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு இந்தக் காப்பகத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். பயந்த பிள்ளைக்கு வாய் அடைத்துப்போகும் என்பது தெரியும். அதனால் இந்தப் பாடத்துக்குத் தலையாட்டினேன்.

அந்தப் பாடத்தை எல்லோரையும்விட நன்றாகச் சொன்னவள் மிளகு. அப்படித்தான் நாங்கள் அவளைக் கூப்பிடுவோம். ஐந்து வயது, உருவம் சிறியது, பேச்சு காரம். அவள் அம்மா தையல்காரி. திரைச்சீலையும் பள்ளிச் சீருடையும் தைப்பவள். எட்டு மாதத்துக்கு முன்பு இந்த ஊருக்கு வந்து எங்கள் தெருக்கோடியில் ஒரே அறையில் குடியிருந்தாள். சேர்க்கைப் படிவத்தில் அப்பா என்ற இடத்தில் கோடு போட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"அவர் வந்தா இவளக் குடுக்கக் கூடாது சிஸ்டர். கோர்ட் பேப்பர் இருக்கு, நகல் தரேன். நாங்க எங்க இருக்கோம்னு அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது. தேடிக் கண்டுபிடிச்சிடுவேன்னு சொல்லியிருக்காரு."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய வலது மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. அது எப்படி முறிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் தைக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கட்டிலில் மிளகு பழைய போனில் விளையாடிக்கொண்டிருந்தாள். விலங்குகள் சேர்ந்து தோட்டத்தில் வீடு கட்டும் விளையாட்டு. அதில் விளையாடுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசவும் முடியும் என்பது அம்மாவுக்குத் தெரியாது. கை தட்டும் சத்தம் கேட்டது. பாடம் ஒப்பிக்கிறாள் என்று நினைத்து அம்மா சிரித்துக்கொண்டே துணியைத் திருப்பினாள். தட்டல் முடிந்ததும் போனிலிருந்து ஒரு குரல் வந்தது. "கடைசி நம்பர இன்னொரு தடவ சொல்லு."

அம்மா எழுந்த வேகத்தில் கத்திரிக்கோல் காலில் விழுந்தது. போனைப் பிடுங்கிப் பார்த்தாள். திரையில் நீலத் தொப்பி போட்ட ஒரு முயல் நின்றது. ஆளா, பிள்ளையா, எந்த ஊர், எதுவும் தெரியவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முயல் காணாமல் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள். காலில் கட்டு.

"மாசக் கடைசியோட இவள நிறுத்திக்கறேன் சிஸ்டர். வேற ஊர்ல சித்தி பொண்ணு இருக்கா. ரூம் பாத்துத் தரேன்னு சொல்லியிருக்கா." நடந்ததைச் சொன்னாள். பிறகு கேட்டக்கா பக்கம் திரும்பினாள். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்கக்கா. ஒரு நம்பர்கூடத் தப்பில்ல."

சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

கேட்டக்கா குனிந்து மிளகைப் பார்த்தாள். "முயல்கிட்டப் போய் எதுக்குடி சொன்னே?"

"நீங்கதானே யார் கேட்டாலும் சொல்லணும்னீங்க. சத்தமா."

அன்று மாலை முதல் முறையாகக் கைத்தட்டல் இல்லாமல் முப்பத்திரண்டு ஜோடி ஷூ மாட்டப்பட்டது. தையல்காரி மகளைக் கூட்டிப் போக வந்தபோது கேட்டக்கா கதவைப் பாதி மூடிக்கொண்டு வழியில் நின்றாள்.

"மாசக் கடைசிக்கு இன்னும் பதினஞ்சு நாள் இருக்கும்மா. அத எனக்குக் குடு."

"எதுக்குக்கா?"

"நீ எந்த ஊருக்குப் போனாலும் இவளும் வருவா, இவ வாயும் கூடவே வரும். அங்கயும் ஒரு முயல் கேக்கும். அந்த விலாசத்தையும் சொல்லுவா. அப்புறம் எங்க போவ?"

"பதினஞ்சு நாள்ல ஆகலைன்னா நான் கிளம்பிடுவேன்" என்றாள் தையல்காரி. "போனையே பிடுங்கி வெச்சிடலாம்னுதான் பாத்தேன். பக்கத்து வீட்லயும் போன் இருக்கே."

முதல் முயற்சி நானும் அவளும் சேர்ந்து யோசித்தது. தெரியாதவர்களிடம் எதுவும் சொல்லக் கூடாது என்று செவ்வாயும் புதனும் சொல்லிக் கொடுத்தோம். வியாழன் அன்று கண் பரிசோதிக்க டாக்டர் வந்தார். பதினேழு பிள்ளைகள் பேர் சொல்ல மறுத்துவிட்டன. முன்பல் விழுந்த பையன் ஒருவன் டாக்டரை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க லிஸ்ட்ல இருக்கீங்களா?" என்று கேட்டான். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே பிள்ளை நாளைக்குக் கூட்டத்தில் தொலைந்தால் கூட்டி வந்து விடுகிறவரிடமும் இதையேதான் கேட்கும்.

இன்னொரு சோதனையும் செய்தோம். தையல்காரியிடம் கேட்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போதுதான். எங்கள் வேன் டிரைவருக்குக் குரல் மென்மையானது. வெளியே வேனில் உட்கார்ந்துகொண்டு அதே விளையாட்டில் கரடியாக வந்து, மூன்று நாள், பத்துப் பத்து நிமிஷம் மிளகோடு வீடு கட்டினார். நாலாம் நாள், "உங்க வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார். மிளகு கதவு எண் வரை போய்விட்டாள். அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"தெரியாதவங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்றாள் கேட்டக்கா.

"கரடியத் தெரியுமே. மூணு நாளாத் தெரியும்."

தையல்காரி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். எட்டு நாள் பாக்கி இருந்தது.

கேட்டக்கா அன்று என் அறையில் உட்கார்ந்து, மேசைத் துணியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அவ சொல்றதுல தப்பில்லையே சிஸ்டர். மூணு நாள் சேந்து விளையாடினா அது கூட்டாளிதானே. யாரு தெரிஞ்சவங்க, யாரு தெரியாதவங்கன்னு இந்த வயசுல எத வெச்சுப் பிரிக்கும்? நமக்கே தெரியறதில்ல."

மறுநாள் ஷூ மாட்டும்போது மிளகின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முழங்காலோடு அவளுக்கு அது சுலபமில்லை.

"ஏன்டி, இந்த விலாசமெல்லாம் எதுக்குச் சொல்லிக் குடுத்தேன்னு தெரியுமா?"

மிளகு யோசிக்கவே இல்லை. "பட்டனுக்கு."

அடுத்த பிள்ளையைக் கேட்டாள். பட்டனுக்கு. அதற்கடுத்தவளுக்கும் பட்டனுக்குத்தான். கடைசியில் இருந்தவன் மட்டும், "நீங்க சந்தோஷப்படறதுக்கு" என்றான்.

பதினோரு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள், எதற்கு என்பதை ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாள். அன்றுதான் அந்தப் பஸ் நிலையக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். பெஞ்சு, பெண் போலீஸ், பச்சைக் கதவு எல்லாம். வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"தொலஞ்சு போனா வீட்டுக்கு வரதுக்குத்தான் விலாசம். வேற எதுக்கும் இல்ல. புரியுதா? இப்ப நீ தொலஞ்சு போயிருக்கியா?"

"இல்ல" என்று கூச்சலிட்டார்கள்.

அதன் பிறகு அந்த ஒரு கேள்வியையே எங்கே பார்த்தாலும் கேட்டாள். ஊஞ்சலில் இருக்கிறாய், தொலைந்து போயிருக்கிறாயா? சாப்பாட்டு மேசையில் இருக்கிறாய், தொலைந்து போயிருக்கிறாயா? வீட்டில் கட்டிலில் படுத்துப் போன் பார்க்கிறாய், அம்மா அடுப்படியில் இருக்கிறாள், இப்போது?

"வீட்லதானே இருக்கேன்" என்றாள் மிளகு, இவளுக்கு என்ன ஆயிற்று என்ற பார்வையோடு.

"அப்ப முயல் விலாசம் கேட்டா?"

"நான்தான் தொலையலையே. அதுக்கு எதுக்கு?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

கூட்டத்தில் நிஜமாகவே தொலைந்தால் எதிரில் நிற்கிற போலீஸ்காரரிடமோ, கடையில் கல்லாவில் இருப்பவரிடமோ, பிள்ளையோடு வந்திருக்கிற ஓர் அம்மாவிடமோ சொல்ல வேண்டும். போனுக்குள்ளிருந்து யார் எதைக் கேட்டாலும் வீட்டில் இருக்கிற பெரியவரைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் பாடம். பட்டனை நிறுத்தினாள். கைத்தட்டலும் போயிற்று. விலாசத்தை ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக அவள் காதில் மட்டும் சொல்ல வேண்டும் என்று வைத்தாள்.

போன் விளையாட்டுக்கு நிஜப் பேருக்குப் பதில் ஆளுக்கொரு வெளிப்பேர் வைத்துக்கொள்ளச் சொன்னாள். இதில்தான் பிள்ளைகளுக்குக் குஷி. தலையணை, ஸ்பேனர், டாக்டர் பக்கெட் என்று வைத்துக்கொண்டார்கள். மிளகு வாஷிங் மெஷின் ஆனாள்.

கேள்விகளும் வந்தன. யூனிஃபார்ம் என்ன கலர் என்று கேட்டால் சொல்லலாமா? பள்ளிக்கூடம் பேர்? போட்டோ அனுப்பச் சொன்னால்? யூனிஃபார்மைப் பார்த்தால் பள்ளிக்கூடம் தெரியும், பள்ளிக்கூட வாசலில் நின்றால் நீ தெரிவாய் என்று விரல் விட்டுக் காட்டினாள். அப்படிக் காட்டிக்கொண்டிருந்தவள் நடுவில் நிறுத்தி, எழுந்து, வேன் டிரைவரின் போனை வாங்கிக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தாள்.

"சிஸ்டர், நான் பிள்ளைங்க வாயப் பூட்டிக்கிட்டிருக்கேன். நீங்க ஜன்னல அகலத் திறந்து வெச்சிருக்கீங்க."

போனில் அவள் காட்டியது எங்கள் காப்பகத்தின் இணையப் பக்கம். பிறந்தநாள் படங்கள். நெஞ்சில் பேர் அட்டை, கீழே வயது, எந்தப் பிரிவு, பின்னால் எங்கள் பேரும் தெருவும் எழுதிய பலகை. மூன்றாவது படத்தில் முன்வரிசையில் மிளகு நின்றாள். பேர் அட்டை பளிச்சென்று தெரிந்தது. அந்தப் படத்தை ஏற்றியது நான்தான். அவள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் பேசின பிறகு ஏற்றியது.

படங்களை நீக்க நிர்வாகி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தப் படத்தையெல்லாம் பாத்துத்தானே புதுப் பேரண்ட்ஸ் வராங்க."

"பாக்கறவங்க எல்லாரும் பேரண்ட்ஸ்தான்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?" என்றாள் கேட்டக்கா.

அன்றே உட்கார்ந்து நானூற்றுப் பதினாறு படங்களை நீக்கினேன். தையல்காரியிடம் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்பும் கேட்டேன். அவள் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள்.

பதின்மூன்றாம் நாள் மறு சோதனை. இந்த முறை டிரைவர் மஞ்சள் பூட்ஸ் போட்ட வாத்து. ஐந்து நாளாக விளையாடிப் பழகியிருந்தார். தையல்காரி என் அறை நாற்காலியில் உட்கார்ந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. மிளகு கூடத்துப் பாயில் போனோடு குப்புறப் படுத்திருந்தாள். கேட்டக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் பேர் என்ன?" என்றது வாத்து.

"வாஷிங் மெஷின்."

"அதெல்லாம் ஒரு பேரா?"

"உன் பேரு மட்டும் என்ன? வாத்து."

"சரி சரி. உங்க வீடு எங்க இருக்கு?"

"நான் தொலஞ்சு போகல."

"என்னது?"

"தொலஞ்சு போனாத்தான் வீடு எங்கன்னு சொல்லணும். நான் இங்கதான இருக்கேன்."

இதோடு முடிப்பதாகத்தான் பேச்சு. டிரைவர் தானாக ஒன்றைச் சேர்த்தார். குரலை இறக்கி, அழுகிற மாதிரி, "நான்தான் தொலஞ்சு போயிட்டேன். பயமா இருக்கு. நீ எங்க இருக்கேன்னு சொன்னா அங்க வந்துருவேன்" என்றார்.

கேட்டக்கா ஜன்னல் வழியே வேனைப் பார்த்த பார்வையில் கண்ணாடி விரிசல் விட்டிருக்க வேண்டும். மிளகு எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வாத்தின் மேல் இரக்கம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. உதடு அசைந்தது. தையல்காரி நாற்காலியின் கையைப் பிடித்து எழப்போனாள். நான் அவள் தோளில் கை வைத்து உட்காரவைத்தேன்.

"அழாத வாத்து. எங்கம்மாவக் கூப்பிடறேன்."

போனைப் பாயில் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடி வந்தாள். "அம்மா, வாத்து தொலஞ்சு போச்சாம். நீயே பேசு. நான் ஒண்ணும் சொல்லல."

தையல்காரி போய்ப் போனை எடுத்து அணைத்தாள். மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். கேட்டக்கா வெளியே போய் டிரைவரைப் பிடிபிடியென்று பிடித்தாள்.

"வர முயலெல்லாம் நாம பேசி வெச்சபடிதான் கேக்குமாக்கா?" என்றார் அவர்.

வாத்து யார் என்பதை மறுநாளே மிளகிடம் சொல்லிவிட்டோம். பிள்ளையை ஏமாற்றிவிட்டு மறைத்து வைப்பது சரியில்லை. நாலு நாள் அவள் டிரைவரோடு பேசவில்லை. வேனில் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறினாள். அவரும் வாங்கிக்கட்டிக்கொண்டார்.

தையல்காரி வேறு ஊருக்குப் போகவில்லை. ஆனால் அந்த அறையில் இருக்கவும் இல்லை. முயலின் காதுக்குப் போன விலாசத்தைத் திரும்ப வாங்க வழியில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறை கிடைத்தது. போன் நம்பரை மாற்றினாள். மெஷினை எங்கள் டிரைவர் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார். பழைய அறைக்கு யாராவது தேடி வந்தார்களா என்று வீட்டுக்காரரிடம் வாரம் ஒரு முறை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இதுவரை யாரும் வரவில்லை. அந்த முயல் ஏழு வயதுப் பிள்ளையாகவே இருந்திருக்கலாம். அது எங்களுக்குத் தெரியப் போவதில்லை.

குடி மாறின மறுநாள் மாலை தையல்காரி கதவருகே வந்தாள்.

"அக்கா, இவளுக்குப் புது விலாசம் சொல்லிக் குடுக்கணும். நீங்கதான் சொல்லணும்."

"வேணாம்மா. எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகணும்? சிஸ்டர் ஃபைல்ல இருந்தாப் போதும். நீயே சொல்லிக் குடு. எதுக்குன்னு முதல்ல சொல்லு, அப்புறம் நம்பருக்குப் போ."

தையல்காரி மகளை ஷூ அலமாரிக்குப் பின்னால் கூட்டிப் போய்க் குந்தி உட்கார்ந்து காதில் சொன்னாள். கேட்டக்கா இந்தப் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, வந்து நின்ற அடுத்த பெற்றோரைப் பட்டியலில் தேடினாள். மிளகு அம்மாவின் காதில் திருப்பிச் சொன்னாள். எங்கேயோ ஓர் இலக்கம் தப்பிப்போயிருக்க வேண்டும். "இல்ல, மறுபடி சொல்லு" என்றாள் அம்மா.